மானைக் கூப்பிடத் தெரிந்தவர்

என் வீட்டுக்காரருக்கு மானைக் கூப்பிடத் தெரியும். என்னைக் கூப்பிடத் தெரியாது.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு இலையை மடித்து உதட்டில் வைத்து அவர் ஊதினால், புதருக்குள் பத்திரமாகப் படுத்திருக்கிற மான் எழுந்து வெளியே வரும். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்து சமைத்துப் போட்ட எனக்கோ "இந்தா" என்ற ஒரே சொல்தான். "இந்தா, மழை வருது." "இந்தா, லுங்கி எங்கே?" எனக்கு ஆன்மேரி என்று ஒரு பேர் இருப்பது கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும் போலிருந்தது.

நானும் அவர் பேரைச் சொன்னதில்லை. ஆனால் அது வேறு. எங்கள் பெண்களுக்குப் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கமில்லை. கிறிஸ்தவர்களாகி நாலு தலைமுறை, ரங்கூனுக்கு வந்து மூன்று தலைமுறை. என்னென்னவோ கடலோடு போயிற்று, இந்த ஒன்று மட்டும் கப்பலேறி எங்களோடு வந்துவிட்டது. அவர் பேரோ ஏசுரத்தினம். ஜெபத்தில் "ஏசுவே" என்று சொல்ல வரும்போது என் நாக்கு ஒரு நொடி தயங்கும். "ஆண்டவரே" என்று மாற்றிக்கொள்வேன். வார்டு அலுவலகத்தில் குடும்பப் பட்டியலுக்காக "வீட்டுத் தலைவர் பேர் என்ன?" என்று கேட்டால், மகள் சாராவைத்தான் முன்னால் தள்ளுவேன். அவள் பர்மியப் பள்ளியில் படித்தவள். அவளுக்கு இதெல்லாம் சிரிப்பு.

"பேர்தானேம்மா, கடிக்கவா போகுது?" என்பாள்.

அவர் 1946-இல் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் பிறந்தார். அப்பா மிஷன் பள்ளியில் குமாஸ்தா. இவருக்கு ரங்கூன் துறைமுகக் கிடங்கில் மூட்டை சரிபார்க்கும் வேலை. 1974-இல் எங்களுக்குக் கல்யாணம். "சம்மதமா?" என்று பாதிரியார் கேட்டதற்குத் தலையைத்தான் ஆட்டினார். வாயைத் திறந்து சொல்லப்பா என்று பாதிரியார் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதாயிற்று. கோயிலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பேச்சுதான் வராதே தவிர, குரல் எதுவும் வரும் அவருக்கு. காக்கை மாதிரி கரைவார். தன்லியின் படகின் சங்கு மாதிரி ஊதி, பக்கத்து வீட்டுக்காரரை அவசரமாகச் சட்டை போட வைப்பார். பல்லி மாதிரி உச்சுக் கொட்டுவார், நான் சகுனம் பார்க்க நிற்பேன், அவர் பத்திரிகைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பார். மனுஷக் குரலில் நாலு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1990-இல் நகரத்துக்குள் இருந்த வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வடக்கே ஷ்வேப்யிதாவில் மனை கொடுத்தார்கள். அங்கே ஒரு பலகைத் தொழிற்சாலையில் இவருக்கு ஆள் வருகைப் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலையில்தான் சோ ஜான் என்ற கரேன் மலை இனத்துக்காரர் சிநேகிதமானார். பெகு மலையடிவாரத்தில் ஒரு கிராமம் அவருக்கு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்தான் இலையில் மானைக் கூப்பிடக் கற்றுக் கொடுத்தார். இரண்டாவது தடவையே கற்றுக் கொடுத்தவரை இவர் மிஞ்சிவிட்டார் என்று கேள்வி.

கேளையாடு என்று ஒரு சின்ன மான் உண்டு. நாய் குரைக்கிற மாதிரி குரைக்கும். அதன் குட்டி அழுகிற மாதிரி ஊத வேண்டும். தாய் தேடிக்கொண்டு வரும். அழுகையிலும் மூன்று தினுசு. பசிக்கு அழுவது, வழி தவறி அழுவது, எதுவோ வாயில் கவ்விவிட்டபோது அழுவது. முதல் இரண்டையும் சமையலறையில் நின்று மணிக்கணக்காக ஊதிப் பழகுவார். பக்கத்து வீட்டு ஜெயம்மா வந்து, "யார் வீட்டுப் பிள்ளை இப்படி ஏங்கி ஏங்கி அழுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவதை மட்டும் வீட்டில் ஊத மாட்டார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அது வேற ஆளையும் கூப்பிடும்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டிருந்தால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். அவ்வளவு கெஞ்சல் அதில். நீ வந்தால்தான் எனக்கு உயிர் என்கிற மாதிரி. ஒரு மிருகத்தை ஏமாற்றிக் கொல்வதற்கு இப்படி ஒரு குரல் எடுக்க முடிகிறவருக்கு, கட்டின பெண்டாட்டியை ஒரு தடவை அப்படிக் கூப்பிட முடியாதா? நான் அடுப்பில் சட்டியை ஓங்கி வைப்பேன். அவர் இலையை இன்னொரு மடிப்பு மடிப்பார்.

1992-இல் சோ ஜான் காய்ச்சலில் செத்துப் போனார். நல்ல மனுஷர். அழுதேன். வேட்டையும் இதோடு ஒழிந்தது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த பௌர்ணமி விடுமுறைக்கு இவர் பையை எடுத்தார்.

"யாரோட போறீங்க?"

"நோ எஸ்தரோட."

நோ எஸ்தர் சோ ஜானின் மனைவி. அம்பெய்தது எல்லாம் எப்போதுமே அவள்தானாம். கரேன்காரர்களிடம் கட்டை வைத்த வில் ஒன்று உண்டு, நாணை இழுத்து மாட்டிவிட்டு விசையைத் தட்டினால் அம்பு பாயும். துப்பாக்கி மாதிரி தூரத்துக்குப் போகாது. மான் இருபது அடிக்குள் வர வேண்டும். அதனால் கூப்பிடுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால்தான் அவளுக்கு வேலை. புருஷன் போனபின் அவளுக்குக் கூப்பிட ஆளில்லை. கூப்பிட என் ஆள் போகிறார்.

மூன்று வருஷம் பொறுத்தேன். இறைச்சியில் பாதி எங்களுக்கு வரும். உப்புக்கண்டம் போட்டு கிறிஸ்துமஸுக்கு வைப்பேன். சாப்பிட்டவர்கள் எல்லாம் என் கைமணத்தைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. "காட்டுக்குள்ள, தனியா, ஒரு விதவையோட" என்று ஜெயம்மா ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "காட்டுல எப்படி உக்காருவீங்க?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் கஷ்டம். "நான் முன்னால. கண்ணை மூடிக்குவேன். மூடினாத்தான் குரல் சரியா வரும். ஒரு ஆள் பின்னால உக்காந்து பாக்கணும். முன்னெல்லாம் சோ ஜான் பாப்பார், இப்ப நோ எஸ்தரே பாக்குறா. காட்டுல பேசக்கூடாது. விரலால முதுகுல ஒரு தட்டு தட்டினா கூப்பிடுன்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா நிறுத்து."

"முதுகுல?"

"ம்."

"உங்க முதுகுல?"

அவர் பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. என் கை அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்த கை. இன்னொருத்தி அதில் ஒரு விரலை வைத்துத் தட்டுகிறாளாம், இவர் உடனே குயில் மாதிரி கூவுகிறாராம்.

1996-இல், கார்த்திகையை ஒட்டி வரும் பர்மியப் பௌர்ணமி விடுமுறைக்கு அவர் பையை எடுத்தபோது நானும் என் பையை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "இந்தா, நடக்கணும்" என்றார். "கால் இருக்கு" என்றேன்.

தைச்சி வரைக்கும் பஸ், அப்புறம் மரம் ஏற்றும் லாரி, அப்புறம் நடை. சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். நோ எஸ்தரைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஐம்பது வயசிருக்கும். வெற்றிலை போட்டுக் கறுத்த பல், உப்புத்தாள் மாதிரி சொரசொரத்த கை, வளர்ந்த இரண்டு மகன்கள். இவளுக்கா நான் நாலு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அப்போது அவள் வாயைத் திறந்தாள்.

"கோ ஏசு, வா வா. கோ ஏசு, இது உன் சம்சாரமா? கோ ஏசு, சொல்லவே இல்லையே!"

பர்மியப் பழக்கத்தில் ஆண்கள் பேருக்கு முன்னால் "கோ" போடுவார்கள், அண்ணன் என்கிற மாதிரி; பெண்கள் பேருக்கு "மா". அதில் தப்பே கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் பலிபீடத்துக்கு முன்னால் கைபிடித்த நான் ஜெபத்தில்கூடத் தவிர்க்கிற பேரை, அவள் வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தாள். தேநீர் முடிவதற்குள் பதின்மூன்று தடவை. எண்ணினேன். இவரும் ஒவ்வொரு தடவையும் "ம்" என்று திரும்பினார். அவருக்கென்று அங்கே தனிக் கோப்பை வேறு இருந்தது, காது உடைந்த நீலக் கோப்பை. என்னிடம் மா மேரி, மா மேரி என்று அவள் குழைந்ததற்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். காற்று முகத்தில் அடிக்கிற மாதிரிப் பார்த்து, ஓடைக்கரையோரம் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனோம். பத்து அடி நடப்பது, நிற்பது, கேட்பது. தரையில் புதிதாகக் குளம்படி. அதன் மேல் இன்னும் பனி விழவில்லை. நோ எஸ்தர் அதைத் தொட்டுக் காட்டினாள். இவர் ஒரு செடியிலிருந்து இலை பறித்து நாக்கில் ஈரப்படுத்தினார். வீட்டில் பார்க்கிற ஆள் இல்லை அவர். இளைத்துப் போன முதுகு நிமிர்ந்து, கண்ணில் ஒரு வெளிச்சம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் நேராகச் சொன்னேன், மெல்லிய குரலில், பர்மிய மொழியில். "பின்னால நான் உக்காருறேன்."

நோ எஸ்தர் என்னை ஒரு நொடி பார்த்தாள். அவள் மக்கு இல்லை, புரிந்துகொண்டாள். "சரி. நான் அந்தப் பக்கம் புதருக்குப் போறேன். வில்லுக்கும் அதுதான் நல்லது. ஆனா மா மேரி, தட்டுற விதம் இருக்கு, கேட்டுக்கோ. ஒண்ணுன்னா கூப்பிடு, ரெண்டுன்னா நிறுத்து. அப்புறம்..."

"என் புருஷன் முதுகைத் தட்ட எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இவர் ஏதோ சொல்ல வந்தார். நான் அவரையும் பார்த்த பார்வையில் அவரும் மூடிக்கொண்டார். நோ எஸ்தர் வில்லைத் தூக்கிக்கொண்டு போய், இருபது அடி தள்ளி இலைகளுக்குள் மறைந்தாள்.

அவர் ஓடையைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். நான் பின்னால். ஒரு விரலை எடுத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவர் கூப்பிட்டார்.

வழி தவறிய குட்டியின் அழுகை. வீட்டில் கேட்டது ஒன்றுமே இல்லை. காடு முழுக்க அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. என் விரலுக்குக் கீழே அவர் முதுகு அதிர்வது தெரிந்தது. எனக்கு அப்போது கோபம் வரவில்லை. இத்தனை நாள் இது நோ எஸ்தருக்குக் கிடைத்ததே என்ற ஆற்றாமைதான் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஒரு தட்டு. மறுபடி கூப்பிட்டார். எனக்கு அது பிடித்துப்போயிற்று என்றே சொல்ல வேண்டும். தேவைக்கு மேலேயே தட்டினேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கோரைப்புல் அசைந்தது. மான் என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். நிறுத்திவிட்டார். புல் இன்னும் அசைந்தது. தலை ஒன்று வெளியே வந்தது. தட்டையான தலை. மஞ்சளில் கறுப்புப் புள்ளி.

சிறுத்தை.

குட்டி அழுகிற இடத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. வயிறு தரையில் தேய ஓடையில் இறங்கி, இந்தக் கரைக்கு ஏறிற்று. தாழ்வாக உட்கார்ந்திருக்கிற இவரைத்தான் பார்த்தது. இவரோ கண்ணை மூடிக்கொண்டு, மான் நெருங்கிவிட்டது, அசையக்கூடாது என்று நிம்மதியாக இருக்கிறார். இரண்டு தட்டுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். எழுந்திரு, ஆபத்து என்பதற்கு என்ன தட்டு? அதைத்தான் நோ எஸ்தர் "அப்புறம்" என்று ஆரம்பித்தாள். நான்தான் வாயை அடைத்தேனே.

புதர்ப் பக்கம் பார்த்தேன். ஒரு இலை அசையவில்லை. அவள் இருந்த இடத்திலிருந்து கரை மறைத்திருக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

 நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் முதுகில் தட்டினேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். விடாமல் தட்டினால் இன்னும் பலமாகக் கூப்பிடு என்று அர்த்தம் போல எடுத்துக்கொண்டார் மனுஷர். மூச்சை இழுத்தார். வீட்டில் ஒரு நாளும் ஊதாத அந்த மூன்றாவது அழுகையை எடுத்தார். எதுவோ கவ்விவிட்ட குட்டியின் அலறல். "அது வேற ஆளையும் கூப்பிடும்" என்றாரே, அந்த ஆள் பத்து அடியில் நின்று காதை முன்னால் திருப்பியது. பின்னங்கால்கள் மண்ணில் அழுந்துவதைப் பார்த்தேன்.

"ஏசுரத்தினம்!"

நான்தான் கத்தினேன். என் காதுக்கே அது யார் குரலோ மாதிரி இருந்தது. அவர் இலையைத் துப்பிவிட்டு விசுக்கென்று எழுந்து நேராக நின்றார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேரைச் சொன்னால் பையன் நிற்பானே, அப்படி. குட்டியை எதிர்பார்த்து வந்த சிறுத்தைக்கு முன்னால் திடீரென்று அஞ்சரை அடியில் ஒரு ஆள். அது ஒரு சீறல் சீறிற்று. உடம்பை மடித்துத் திரும்பி, ஓடைத் தண்ணீர் சிதற ஒரே பாய்ச்சலில் கோரைக்குள் போய்விட்டது.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். நோ எஸ்தர் வில்லோடு ஓடி வந்தாள். இவர் கோரைப்புல்லையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் எதையோ தேடினார்.

"அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

அந்தப் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டது அவர் அம்மா மட்டும்தானாம். மற்ற எல்லோருக்கும் ரத்தினம், கோ ஏசு, சாரா அப்பா. செத்துப் பதினைந்து வருஷமான மாமியார் மேல் அந்த இடத்திலேயே எனக்குப் புதிதாக ஒரு பொறாமை வந்தது. அழுதுகொண்டேதான் வந்தது.

நோ எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து என் முதுகில் அழுத்தி வைத்தாள். "இதுதான் மூணாவது. முழுக் கையையும் வச்சு அழுத்தினா, கண்ணைத் திற, எழுந்திருன்னு அர்த்தம்." அப்புறம் வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டே சொன்னாள், "மா மேரி, நான் இவர் முதுகைப் பாக்க மாட்டேன். காட்டைப் பாப்பேன். முதுகைப் பாத்துக்கிட்டிருந்தா மான் எப்படிக் கிடைக்கும்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிறுத்தை நடமாடிய காட்டில் மான் இனி நாலு நாளைக்கு வராது என்று திரும்பிவிட்டோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பன்றிக்கறிதான். ஜெயம்மா காரணம் கேட்டாள். மான் வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பின்னும் அவர் போனார். 2004 வரைக்கும், நோ எஸ்தர் மகனோடு வேறு ஊருக்குப் போகும் வரைக்கும் போனார். நான் தடுக்கவில்லை. பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது அவ்வளவு சுலபமாகப் போகிற சரக்கு இல்லை. நீலக் கோப்பையை நினைத்தால் இன்றைக்கும் எரியும். ஆனால் காட்டிலிருந்து திரும்பி வந்த நாலாம் நாள் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

வேலை விட்டு வந்து அவர் கை கால் கழுவுகிற சத்தம் கேட்டது. சாரா இன்னும் வரவில்லை. நான் அடுப்படியில் நின்று மீன் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். காபி கேட்கப் போகிறார் என்று இருந்தேன்.

என் முதுகில் ஒரு விரல் பட்டது. ஒரே ஒரு தட்டு.

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த மாதிரியே. முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ஒரு தட்டென்றால் கூப்பிடு என்று அர்த்தம்.

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஜெயம்மா இல்லை. கத்தியைக் கீழே வைத்தேன். காட்டில் கத்தியது உயிர் போகிற நேரத்தில் வந்தது. அடுப்படியில், வெங்காயத்துக்கு நடுவே, சும்மா சொல்வதற்கு எனக்கு அதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

"ஏசுரத்தினம்" என்றேன்.

கண்ணைத் திறந்தார்.

"என்ன, ஆன்மேரி?" என்றார். இலை இல்லாமலே, அதே குரலில்.

எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குரலை இத்தனை வருஷமும் மானுக்கும் சிறுத்தைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாரே, பாவி மனுஷர்.